காங்கேசன்துறை காத்திருந்த இருபத்தெட்டு மாதம்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் கடுகண்ணாவைக் கணவாயை ஏறி முடித்துச் சற்று மூச்சு விடுகிற இடம் பிலிமத்தலாவை. வீதியின் இரு மருங்கும் பித்தளை விளக்குக் கடைகள். கண்டி நகரம் இன்னும் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீற்றர்தான். 1957 ஒக்டோபரில் இந்தச் சந்தியைக் கடந்து போயிருக்க வேண்டிய ஓர் ஊர்வலம் இங்கே வந்து சேரவேயில்லை. பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே.ஆர். ஜயவர்தன கொழும்பிலிருந்து தலதா மாளிகைக்குக் கால்நடையாகப் புறப்பட்ட யாத்திரை அது. கம்பஹா உறுப்பினர் எஸ்.டி. பண்டாரநாயக்கவும் அவருடைய ஆட்களும் இம்புல்கொடவில் வீதியை மறித்தார்கள். ஊர்வலம் அங்கேயே கலைந்தது. யாத்திரை நின்றதால் ஒப்பந்தம் பிழைத்துவிடவில்லை. 1958 ஏப்ரலில், பிக்குமார் வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்ததும், கையெழுத்திட்ட பிரதமர் பண்டாரநாயக்கவே அதைக் கைவிட்டார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் அதை எதிர்த்து நடந்த ஜயவர்தனவும் பல ஆண்டுகள் கழித்து, ஒரே சபையில், ஒரே அரசாங்கத்துக்கு எதிராக, ஒரே வேலையைச் செய்தார்கள். இருவரும் தங்கள் ஆசனத்தைத் துறந்து, மக்களிடம் திரும்பிப் போய் வாக்குக் கேட்டார்கள். ஒருவருக்கு இடைத்தேர்தல் சில வாரங்களில் கிடைத்தது. மற்றவர் இருபத்தெட்டு மாதம் காத்திருந்தார். இந்த வாரம் அந்த இருபத்தெட்டு மாதத்தின் கதை.

1970 மே 27 பொதுத் தேர்தலில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி 151 தொகுதிகளில் 116ஐ அள்ளிக்கொண்டது. சுதந்திரக் கட்சிக்கு 91, சமசமாஜிகளுக்கு 19, கம்யூனிஸ்டுகளுக்கு 6. தமிழரசுக் கட்சிக்கு 13 ஆசனம் கிடைத்தது. காங்கேசன்துறையில் செல்வநாயகம் வென்றார், ஆனால் பெரும்பான்மை ஐயாயிரத்துச் சொச்சம்தான். கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலம் எண்ணாயிரத்துக்கு மேல் வாங்கி இரண்டாமிடத்தில் நின்றார். பழைய அமைச்சர் சி. சுந்தரலிங்கமும் அதே தொகுதியில் சுயேச்சையாக நின்றார். 'ஈழம்' என்று தனிநாட்டுக் குரல் கொடுத்தவர்களில் மிக முந்தியவர் அவர். மக்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தமிழரசுக் கட்சியை விட்டு விலகிச் சுயாட்சிக் கழகம் கண்ட வி. நவரத்தினமும் ஊர்காவற்றுறையைப் பறிகொடுத்தார். பிரிவினை வேண்டாம், சமஷ்டியே போதும் என்பதுதான் அந்த ஆண்டு வடக்கு சொன்ன தீர்ப்பு. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஏனென்றால் ஐந்தே ஆண்டில் அதே தொகுதி வேறொன்று சொல்லப்போகிறது.

புதிய அரசாங்கம் 1970 ஜூலையில் நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபையைக் கூட்டியது. அரசியலமைப்பு அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, ஒரு மொழியென்றால் இரண்டு நாடு என்று எச்சரித்த அதே கொல்வின். தமிழரசுக் கட்சி சபைக்குள் போனது, சமஷ்டித் திருத்தம் கொண்டுவந்தது, தோற்றது. மொழி உரிமையிலும் எதுவும் அசையவில்லை என்று தெரிந்ததும் 1971 ஜூனில் வெளியேறியது. 1972 மே 22இல் அரசியலமைப்பு நிறைவேறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் ஆட்சிமொழி என்பவை அரசியலமைப்பிலேயே பதிந்தன. சிறுபான்மைக்குக் காப்பாகச் சோல்பரி யாப்பில் இருந்த 29ஆம் பிரிவு போயிற்று. பாராளுமன்றத்துக்குத் தேசிய அரசுப் பேரவை என்று பெயர் மாறியது. நாடு குடியரசானது.

இதற்கு ஒரு வாரம் முன்னால், மே 14இல், திருகோணமலையில் தமிழர் ஐக்கிய முன்னணி உருவாகியிருந்தது. தலைமையில் மூவர்: செல்வநாயகம், தமிழ்க் காங்கிரஸின் ஜி.ஜி. பொன்னம்பலம், மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான். கண்டிப் பக்கத்துத் தமிழனுக்கு இந்த மூன்று பெயர் ஒரே வரிசையில் நின்றதே பெரிய சங்கதி. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கிய பிறகும் டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் பொன்னம்பலம் சேர்ந்ததால்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்தது. அந்த உடைப்பிலிருந்து 1949 டிசம்பரில் பிறந்தது தமிழரசுக் கட்சி. அதாவது செல்வநாயகம் தனிக் கட்சி கண்டதன் மூலக் காரணம் காங்கேசன்துறையில் இல்லை. அது நாவலப்பிட்டியிலும் தலவாக்கலையிலும் அட்டனிலும் இருந்தது. வடக்கின் கதையைத் தனியாகவும் மலையகத்தின் கதையைத் தனியாகவும் எழுதிப் பழகிய நமக்கு இது அடிக்கடி மறந்துபோகிறது.

அரசாங்கமோ, புதிய யாப்பைத் தமிழரும் ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்றது. காட்டுவதற்கு ஆளும் இருந்தது. தமிழ்க் காங்கிரஸ் சின்னத்தில் வென்ற நல்லூர் அருளம்பலமும் வட்டுக்கோட்டை தியாகராசாவும் அரசாங்கப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தே செல்லையா குமாரசூரியர் அமைச்சராக இருந்தார். இந்த வாதத்துக்குச் செல்வநாயகம் கண்ட பதில் எளிமையானது. 1972 ஒக்டோபர் தொடக்கத்தில் பேரவையில் எழுந்து, தன் ஆசனத்தைத் துறப்பதாக அறிவித்தார். இந்த யாப்பைத் தமிழர் ஏற்றார்களா இல்லையா என்பதைக் காங்கேசன்துறை வாக்காளர் சொல்லட்டும், அரசாங்கம் தன் வேட்பாளரை நிறுத்தட்டும் என்பது சவால். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், குரல் எழும்பாது, காது மந்தம். மேடையில் முழங்கிக் கூட்டத்தைக் கிளப்புகிற தலைவர் அவர் என்றைக்குமே இல்லை. சிவில் வழக்கு நடத்தும் அப்புக்காத்து ஒருவர் எதிர்த்தரப்பை ஒரே கேள்விக்குள் மடக்குவதுபோல, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய ஒரு வழக்கை அவர் தயாரித்தார்.

அரசாங்கம் பதிலே சொல்லவில்லை. ஜே.வி.பி. கிளர்ச்சியை ஒட்டி 1971 மார்ச்சில் பிறந்த அவசரகாலச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருந்தது. பாதுகாப்பு நிலைமை சரியில்லை என்று காரணம் காட்டி இடைத்தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. 1972 முடிந்தது. 1973 வந்தது.

1973 ஏப்ரல் 13இல் முன்னாள் பிரதமர் டட்லி சேனாநாயக்க காலமானார். அவருடைய தொகுதி தெதிகம. பிலிமத்தலாவையிலிருந்து கணவாயை இறங்கிக் கேகாலையைத் தாண்டி நெலுந்தெனியவில் திரும்பினால் தெதிகம வந்துவிடும். அங்கே அதே ஆண்டில் இடைத்தேர்தல் நடந்தது, ருக்மன் சேனாநாயக்க வென்றார். இத்தனைக்கும் 1971 ஏப்ரலில் இளைஞர் துப்பாக்கி தூக்கிப் பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய கேகாலை மாவட்டம் அது. ஆயுதக் கிளர்ச்சி நடந்த மாவட்டத்தில் வாக்குப்பெட்டி வைக்க முடிந்தது. அப்படியொரு கிளர்ச்சி நடக்காத காங்கேசன்துறையில் வைக்க முடியவில்லை. பாதுகாப்புக் காரணத்தை நம்புகிறவர்கள் இந்த இரண்டு தொகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உலகத்தில் வேறு இடங்களில் என்ன செய்கிறார்கள்? இந்தியாவில் இப்போது வெற்றிடம் ஏற்பட்ட ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வைத்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. செல்வநாயகம் செய்ததற்கு மிக நெருங்கிய உதாரணம் வட அயர்லாந்து. ஆங்கிலோ–ஐரிஷ் உடன்படிக்கையை எதிர்த்து 1985 டிசம்பரில் யூனியனிஸ்ட் உறுப்பினர் பதினைந்து பேரும் மொத்தமாகப் பதவி துறந்தார்கள். 1986 ஜனவரி 23இல் பதினைந்து தொகுதிகளிலும் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஐந்து வாரம்தான். அப்போது பெல்ஃபாஸ்ட் தெருக்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது. பதினைந்தில் ஓர் ஆசனத்தை அவர்கள் இழக்கவும் செய்தார்கள். உடன்படிக்கை அப்படியே இருந்தது, ஆனால் மக்கள் என்ன சொன்னார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் மிஞ்சவில்லை.

இங்கே அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க விடாமல் வைத்திருந்த இருபத்தெட்டு மாதத்தில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து, கூடுதல் புள்ளி வாங்கியும் இடம் கிடைக்காத மாணவர் வீதிக்கு வந்தனர். காசி ஆனந்தன், மாவை சேனாதிராசா போன்றோர் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தனர். 1974 ஜனவரி 10ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் கூடியிருந்த கூட்டத்துக்குள் பொலிஸ் புகுந்தது. கண்ணீர்ப்புகை, துப்பாக்கி வேட்டு, அறுந்து விழுந்த மின்கம்பி. மக்கள் செத்தார்கள். அதே ஆண்டு ஜூன் 5இல் உரும்பிராய் பொன்னுத்துரை சிவகுமாரன், பொலிஸ் பிடியில் அகப்படாமல் சயனைட் விழுங்கி உயிர்விட்டார். வயது இருபத்து மூன்று.

1972இல் பதினாறு வயதில் பாடசாலைப் படலையில் நின்று பார்த்த பையன் 1975இல் பதினெட்டைத் தாண்டிவிட்டான். வாக்களிக்கும் வயது அது. செல்வநாயகம் சவால் விட்டபோது அவனுக்கு அவர் 'தந்தை செல்வா'. தேர்தல் வந்தபோது, பெரியவர் நல்லவர்தான், ஆனால் கடுதாசி எழுதிக்கொண்டிருக்கிறாரே என்று சலித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தான். இழுத்தடித்ததால் செல்வநாயகம் பலவீனப்படுவார் என்று அரசாங்கம் கணக்குப் போட்டிருந்தால், அது ஒரு வகையில் பலிக்கத்தான் செய்தது. அவர் அரசாங்கத்துக்கு முன்னால் பலவீனப்படவில்லை. தன் பேரப்பிள்ளைகளின் வயதில் இருந்தவர்களுக்கு முன்னால் பலவீனப்பட்டார்.

அதே மாதங்களில் கண்டியில் என்ன நடந்தது? 1972 காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் தோட்டங்களை அரசுக்கு எடுத்தது. எடுத்த தோட்டங்கள் பலவற்றைப் பக்கத்துக் கிராமத்தவருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்த தொழிலாளர் லயத்தை விட்டுத் துரத்தப்பட்டனர். 1973–74 பஞ்சத்தில் மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. கண்டி நகரத்தின் கடைத்தெருவில் குடும்பம் குடும்பமாக வந்து கையேந்தினார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கில்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி யார் இந்தியா போவது, யார் இருப்பது என்று பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பேரவையில் அவர்களுக்காகப் பேச இருந்தவர் நியமன உறுப்பினர் ஏ. அஸீஸ் ஒருவர். மூன்று தலைவர்களில் ஒருவரான தொண்டமானுக்கே ஆசனம் கிடையாது. ஆகவே காங்கேசன்துறை இடைத்தேர்தலைத் தமிழரின் கருத்துக் கணிப்பு என்று பேசும்போதெல்லாம் எனக்கு ஓர் இடறல் உண்டு. அது வடக்கில் ஒரு தொகுதித் தமிழரின் கருத்து. அந்தத் தொகுதியை உருவாக்கிய அரசியலுக்கே காரணமாக இருந்த மலையகத் தமிழரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க அவர்களிடம் வாக்குச்சீட்டும் இல்லை.

ஒருவழியாக 1975 பெப்ரவரி 6இல் வாக்கெடுப்பு. அரசாங்கத்தின் பக்கத்தில் நின்றவர் மறுபடியும் வி. பொன்னம்பலம். ஆளுங்கட்சியின் வேட்பாளர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைத் துரோகி என்று எழுதிவிடுவது சுலபம். நியாயமாகாது. ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவர், ஊருக்கு உழைத்தவர், சாதிக் கொடுமைக்கு எதிராக நின்றவர். மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968இல் கதவடைப்பு நடந்தது இதே தொகுதியில்தான் என்பதை நினைத்தால், இங்கே இடதுசாரிகளுக்கு விழுந்த வாக்குகளின் வேர் எங்கே என்று விளங்கும். கிறிஸ்தவரான செல்வநாயகத்தை சைவத் தொகுதியொன்று திரும்பத் திரும்பத் தெரிவு செய்ததைப் பெருமையாகச் சொல்கிற நாம், அதே தொகுதியின் கோயிலுக்குள் எல்லாச் சைவரும் போக முடியாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்வதில்லை.

முடிவு: செல்வநாயகம் 25,927. பொன்னம்பலம் 9,457. மூன்றாமவருக்கு 185. பெரும்பான்மை 16,470.

இந்த எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். பொன்னம்பலத்தின் எண்ணை மட்டும் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஐந்தாண்டுக்கு முன் வாங்கியதைவிட அவர் கூடுதலாகத்தான் வாங்கியிருக்கிறார். மாநாட்டுப் படுகொலைக்குப் பின்னும், தரப்படுத்தலுக்குப் பின்னும், அரசாங்க வேட்பாளராக நின்றும், தன் வாக்கை அவர் இழக்கவில்லை. அப்படியென்றால் செல்வநாயகத்துக்குப் புதிதாக வந்த பன்னிரண்டாயிரம் வாக்கு எங்கிருந்து வந்தது? முன்பு வேறு வேட்பாளர்களுக்குப் போட்டவர்கள், வாக்களிக்கவே போகாமல் வீட்டில் இருந்தவர்கள், புதிதாக வயது வந்தவர்கள். பொன்னம்பலமும் நெடுநாள் அங்கேயே நிற்கவில்லை. சில ஆண்டுகளில் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டு விலகிச் செந்தமிழர் இயக்கம் தொடங்கினார்.

வெற்றியை அறிவித்ததும் செல்வநாயகம் சமஷ்டி என்ற பழைய சொல்லைத் தொடவில்லை. தமிழ் மக்கள் இறைமையுள்ள தமிழீழத்துக்கு ஆணை தந்திருக்கிறார்கள், அதை நிறைவேற்றுவோம் என்ற பொருளில் பேசினார். 1972இல் அவர் கேட்ட கேள்வி இந்த யாப்பு வேண்டுமா வேண்டாமா என்பது. 1975இல் கிடைத்த பதிலை அவர் வேறொரு கேள்விக்குப் பொருத்தினார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்ட வாரத்திலேயே பெட்டியைத் திறந்திருந்தால் அந்தப் பதிலைச் சமஷ்டிக்குள் அடக்க இடமிருந்திருக்கும் என்றுதான் சொல்கிறேன். ஐந்து மாதம் கழித்து, ஜூலை 27இல், யாழ்ப்பாண மேயர் அல்ஃபிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம். தொண்டமான் அதிலிருந்து விலகி நின்றார். மலைநாட்டில் வாழ்கிறவனுக்குத் தனிநாடு என்ன தரும் என்ற கேள்விக்கு அவரிடம் வேறு பதில் இருந்தது. 1977 ஏப்ரல் 26இல் செல்வநாயகம் காலமானார்.

இனி ஜயவர்தனவின் கணக்கு. 1970இல் மக்கள் தந்தது ஐந்தாண்டு. 1972 யாப்போ, பேரவையின் ஆயுளை யாப்பு நிறைவேறிய நாளிலிருந்து ஐந்தாண்டு என்று எண்ணிக்கொண்டது. மக்களைக் கேட்காமலே இரண்டு வருடம் போனஸ். 1975 மே மாதத்தோடு தன் ஆணை முடிந்துவிட்டது என்று ஜயவர்தன கொழும்பு தெற்கு ஆசனத்தைத் துறந்தார். ஜூலை 18இல் இடைத்தேர்தல் நடந்தது, பெரும் வித்தியாசத்தில் வென்று திரும்பினார். அதே பிரதமர், அதே யாப்பு, அதே அவசரகாலச் சட்டம். கொழும்பில் பாதுகாப்பு நிலைமை தேர்தலுக்குத் தடையாக இருக்கவில்லை.

தனக்கு இவ்வளவு உதவிய ஆயுதத்தை ஜயவர்தன அதிகாரத்துக்கு வந்ததும் மற்றவர் கைக்குப் போகவிடவில்லை. 1978 யாப்பில் இடைத்தேர்தல் என்ற ஏற்பாட்டையே ஏறத்தாழ எடுத்துவிட்டார். ஆசனம் வெற்றிடமானால் அந்தக் கட்சி ஒருவரைப் பெயர் குறித்து அனுப்பினால் போதும். அடுத்து, 1982இல் ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி மேசைக்குள் வைத்துக்கொண்டார். செல்வநாயகம் தன் விருப்பத்தில் எழுதிய கடிதமும் இதுவும் பெயரில் ஒன்றுதான். டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பில் பொதுத் தேர்தல் இல்லாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கொண்டார். 1975இல் இரண்டு வருட நீட்டிப்பை எதிர்த்து ஆசனத்தைத் துறந்தவர் இவர்.

வாக்கெடுப்பில் கட்சி சறுக்கிய தொகுதிகளின் உறுப்பினரை விலகச் சொன்னார்கள். கட்சி பெயர் தராவிட்டால் இடைத்தேர்தல் வைக்கலாம் என்று 1983 பெப்ரவரியில் ஐந்தாம் திருத்தம் வந்தது. மே 18இல் பதினெட்டுத் தொகுதிகளில் ஒரே நாளில் இடைத்தேர்தல். ஆளுங்கட்சிக்குப் பதினான்கு. மஹரவில் நடிகர் விஜய குமாரதுங்க வெறும் 45 வாக்கில் தோற்றது இன்றும் பேச்சாக இருக்கிறது.

அடுத்த இரண்டு மாதத்தில் ஜூலைக் கலவரம். ஓகஸ்ட்டில் வந்த ஆறாம் திருத்தம், பிரிவினையைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்தால்தான் சபையில் உட்காரலாம் என்றது. தமிழர் ஐக்கிய முன்னணியின் வழிவந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் உறுப்பினர் சபைக்குப் போகவில்லை, ஆசனங்களை இழந்தார்கள். செல்வநாயகத்துக்குப் பிறகு 1977இல் காங்கேசன்துறையில் வென்று எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்த அமிர்தலிங்கத்தின் ஆசனமும் அதில் ஒன்று. அதற்கு இடைத்தேர்தல் நடக்கவில்லை. 1989 பொதுத் தேர்தல் வரை ஐந்து வருடத்துக்கு மேல் அந்தத் தொகுதிக்கு உறுப்பினரே கிடையாது. முதல் முறை காத்திருந்த இருபத்தெட்டு மாதம் அதற்கு முன்னால் சின்ன விஷயம்.

1989இலிருந்து விகிதாசாரம். பிலிமத்தலாவை வாக்காளர் இன்று யட்டிநுவரப் பிரிவில் வாக்களிக்கிறார், உறுப்பினரோ கண்டி மாவட்டம் முழுவதற்கும் பொது. அவர்களில் ஒருவர் நாளை விலகினால் அதே கட்சிப் பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வந்து உட்காருவார். தேசியப் பட்டியலில் அதுகூட வேண்டாம். 2021 ஜூலையில் ஜயந்த கெட்டகொட விலகினார், பசில் ராஜபக்ஷ உள்ளே வந்தார். 2022 ஜூனில் பசில் விலகினார், தம்மிக்க பெரேரா வந்தார். இடையில் எந்த ஊரிலும் ஒரு வாக்குப்பெட்டியும் திறக்கப்படவில்லை.

அடுத்த வாரம்: ஒரு தொகுதி, இரண்டு உறுப்பினர் – 1981இல் கலவானையில் நடந்த கூத்து.